கொறடா உத்தரவும் உறுப்பினரின் மனச்சாட்சியும்

ஒரு செயல் சரியா, தவறா என்று பார்ப்பதற்கு முன், அதைச் செய்தது எந்தக் கட்சி என்று பார்ப்பதே கண்மூடித்தனமான கட்சி விசுவாசத்தின் முதல் அடையாளம். சரக்கு மற்றும் சேவை வரியின் கதை இதற்கு நல்ல சான்று. 2011-இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு அதற்கான அரசியலமைப்புத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தபோது, பா.ஜ.க. ஆட்சியிலிருந்த குஜராத்தும் மத்தியப் பிரதேசமும் கடுமையாக எதிர்த்தன. 2014-இல் ஆட்சி மாறியது. அதே வரியை பா.ஜ.க. அரசு கையிலெடுத்தது, மாநிலங்களவையில் அதைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கு காங்கிரஸ் வந்தது. வரி அமலுக்கு வந்தது 2017 ஜூலை 1 அன்று. மாநிலங்களின் வருவாய் இழப்பு, வரி விகிதத்துக்கு உச்சவரம்பு என்று இரு தரப்பும் சொன்ன காரணங்கள் பொய்யானவை அல்ல. ஆனால் அந்தக் காரணங்கள் எந்தக் கட்சியின் கண்ணில் எப்போது பட்டன என்பதைத் தீர்மானித்தது, அவையில் அது எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது என்பதுதான்.

இந்தப் பழக்கம் அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஏழைகளுக்கான அரசு உதவித் திட்டங்கள் இரண்டை அவர் மாணவர்கள் முன் வைத்தார். ஒன்று தாராளமானது, மற்றொன்று மிகக் கறாரானது. கட்சியின் பெயரைச் சொல்லாதபோது, மாணவர்கள் தங்கள் கொள்கைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்ன கட்சி இதை ஆதரிக்கிறது என்று சேர்த்துச் சொன்னதும் நிலைமை தலைகீழானது. தாராளவாதிகள் தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்பதற்காகக் கறாரான திட்டத்தை ஏற்றார்கள். பழமைவாதிகள் அதே காரணத்துக்காகத் தாராளமான திட்டத்தை ஏற்றார்கள். இதில் கவலை தரும் பகுதி வேறு. திட்டத்தின் உள்ளடக்கத்தை எடைபோட்டே முடிவுக்கு வந்ததாக அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். மற்றவர்கள் வேண்டுமானால் கட்சியைப் பார்த்து மயங்குவார்கள் என்று எண்ணினார்களே தவிர, அந்த மயக்கம் தங்களுக்கும் உண்டு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

வாக்காளரிடம் இது மனப்பழக்கமாக நிற்கிறது. விவாதத்துக்கென்றே மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நாடாளுமன்றத்திலும் சட்டப்பேரவைகளிலும் இதுவே கட்டாயமானால் என்ன ஆகும்? இந்தியாவில் அந்தக் கட்டாயம் 1985 முதல் அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடுதான் அது. அது எதைத் தடுக்க வந்ததோ அதை முழுமையாகத் தடுக்கவில்லை. தடுக்கவே கூடாத ஒன்றை, அதாவது நேர்மையான மாறுபாட்டை, ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிட்டது.

அதற்கு முந்தைய நாடாளுமன்றம் எப்படி இருந்தது என்பதை ஒரே ஒரு விவாதத்தைக் கொண்டு காணலாம். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி எல்.ஐ.சி. பிறந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் எல்.ஐ.சி. சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயைப் போட்டது. அந்த நிறுவனங்களின் நிலை நன்றாக இல்லை. பாலிசிதாரர்களின் பணம் ஏன் அங்கே போனது என்ற கேள்வி 1957 டிசம்பர் 16 அன்று மக்களவையில் வெடித்தது. கேள்வியை ஆணித்தரமாக எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ரே பரேலி தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன், ஃபெரோஸ் காந்தி. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

ஃபெரோஸ் காந்தி மேடைப் பேச்சு பேசவில்லை. எந்தப் பங்கு, என்ன விலை, சந்தையில் அப்போது விலை என்ன, யார் கையெழுத்திட்டார்கள் என்று ஆவணங்களை வைத்துக்கொண்டு அடுக்கினார். அரசு விசாரணைக்கு இணங்க வேண்டியதாயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருநபர் ஆணையமாக அமர்ந்து பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். அமைச்சர் உட்பட உயர் அதிகாரிகள் சாட்சியளித்தார்கள். துறைச் செயலாளரின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா எழுதினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். சில வாரங்களில் நடந்து முடிந்த அந்த விசாரணையை இன்றைய ஆணையங்களின் காலத்தோடு ஒப்பிட்டால் ஏக்கம்தான் மிஞ்சும். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தன் அரசின் நிதியமைச்சரையே பதவியிறங்கச் செய்தார். கட்சியும் பிழைத்திருந்தது, ஆட்சியும் பிழைத்திருந்தது, அவருடைய பதவியும் பிழைத்திருந்தது. டி.டி.கே.யும் 1962-இல் அமைச்சரவைக்குத் திரும்பினார்.

பிறகு என்ன நேர்ந்தது என்பதற்கு 1967 தேர்தலிலிருந்து தொடங்க வேண்டும். பல மாநிலங்களில் காங்கிரஸ் பெரும்பான்மை இழந்தது; இழுபறியான பேரவைகளில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு விலை வந்தது. ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் பதினைந்து நாளுக்குள் மூன்று முறை அணி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற தொடர் அதிலிருந்து பிறந்து நாடு முழுதும் பரவியது. இந்த நோயை ஆராய உள்துறை அமைச்சர் ஒய்.பி. சவாண் தலைமையில் அமைந்த குழு கண்ட ஒரு கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: மாநிலங்களில் கட்சி தாவிய 210 உறுப்பினர்களில் 116 பேர், தங்கள் தாவலால் உருவான அமைச்சரவைகளிலேயே அமைச்சர்களானார்கள். 1980-இல் ஹரியானா முதலமைச்சர் பஜன் லால் தம் ஜனதா அமைச்சரவையைப் பெரும்பாலும் அப்படியே காங்கிரஸுக்குக் கொண்டுபோனார். 1984 ஆகஸ்டில் ஆந்திரத்தில் என்.டி. ராமராவின் ஆட்சி கட்சிப் பிளவைக் காரணம் காட்டிக் கலைக்கப்பட்டு, மக்கள் கொந்தளிப்புக்குப் பின் ஒரே மாதத்தில் மீண்டது. இந்தப் பின்னணியை மறந்துவிட்டு 1985 சட்டத்தை வெறும் அடக்குமுறையாகப் பார்ப்பது நியாயமாகாது. வாக்களித்த மக்கள் தங்கள் வாக்கு ஏலம் போவதைக் கண்முன்னே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த 52-ஆவது திருத்தம் 1985 ஜனவரி இறுதியில் இரு அவைகளிலும் நிறைவேறி, மார்ச் 1 அன்று அமலுக்கு வந்தது. அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. ஒருவர் இரண்டு வழிகளில் பதவியிழப்பார். தாமாகவே கட்சி உறுப்பினர் பொறுப்பைக் கைவிட்டால் பதவி போகும்; முன் அனுமதியின்றிக் கட்சியின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் போகும். பின்னதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம். தீர்ப்புச் சொல்பவர் சபாநாயகர். முதல் வழி தாவலைப் பற்றியது. இரண்டாவது வழியில் தாவலே இல்லை. கட்சியை விட்டு எங்கும் போகாமல், எந்தப் பதவியும் வாங்காமல், ஒரே ஒரு மசோதாவுக்கு எதிராகக் கை தூக்கியவருக்கும் கோடி வாங்கிக்கொண்டு அணி மாறியவருக்கும் ஒரே தண்டனை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த உத்தரவைத்தான் கொறடா உத்தரவு என்கிறோம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலிருந்து வந்த நடைமுறை. கடிதத்தில் அலுவலின் அடியில் ஒரு கோடு இருந்தால் தகவல், இரண்டு என்றால் கட்டாயம் வர வேண்டும், மூன்று என்றால் வந்து கட்சி சொன்னபடி வாக்களிக்க வேண்டும். 'மூன்று வரி கொறடா உத்தரவு' என்று செய்திகளில் அடிபடுவது இதுதான். இந்தியக் கட்சிகள் அனுப்பும் உத்தரவுகளில் மசோதாவின் பெயர்கூடப் பல முறை இருப்பதில்லை. மிக முக்கியமான அலுவல்கள் வரவிருக்கின்றன, தவறாமல் அவைக்கு வந்து கட்சியின் நிலைப்பாட்டை ஆதரியுங்கள் என்ற அளவோடு நின்றுவிடும். எதற்கு ஆதரவு என்று தெரியாமலேயே ஆதரவு உறுதியாகிவிடுகிறது. விவாதம் தொடங்குமுன்பே முடிவு தெரிந்துவிட்ட அவையில், நல்ல வாதத்தைக் கேட்டு மனம் மாறும் உறுப்பினர் அந்த மனத்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது எதுவுமில்லை.

2019 ஆகஸ்ட் 5 இதன் உச்சம். ஜம்மு காஷ்மீரின் சிறப்பு நிலையை நீக்கும் தீர்மானமும் மாநிலத்தைப் பிரிக்கும் மசோதாவும் மாநிலங்களவைக்கு வந்து அன்றே நிறைவேறின. எதிர்த்து வாக்களிக்க உத்தரவிட வேண்டியவர் காங்கிரஸின் தலைமைக் கொறடா புவனேஸ்வர் கலிதா. கட்சியின் நிலைப்பாட்டில் அவருக்கு உடன்பாடில்லை. அவர் அன்றே உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். சில நாளில் பா.ஜ.க.வில் சேர்ந்தார். அவருடைய கருத்து சரியா என்பது வேறு விஷயம். ஒரு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த கேள்வியில், கட்சிக்குள் இருந்துகொண்டே மாறுபட்டு வாக்களிக்கும் வழி தலைமைக் கொறடாவுக்கே இல்லை என்பதுதான் இங்கே முக்கியம். மாறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளாத ஏற்பாடு, மாறுபட்டவரை எதிரணிக்கே அனுப்பிவைக்கிறது.

மொத்தமாகத் தாவுபவர்களிடம் சட்டம் கனிவாக நடந்துகொள்கிறது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது தாவலல்ல, பிளவு என்று முதலில் விலக்கு இருந்தது. 2003-இல் 91-ஆவது திருத்தம் அதை நீக்கியது. மூன்றில் இரண்டு பங்கினர் வேறு கட்சியோடு இணைந்தால் விலக்கு என்பது இன்றும் நிற்கிறது. 2016 செப்டம்பரில் அருணாசலப் பிரதேசத்தில் முதலமைச்சர் பேமா காண்டு உட்பட காங்கிரஸின் 44 உறுப்பினர்களில் 43 பேர் வேறு கட்சிக்குப் போனார்கள். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் பெரும்பாலோர் பா.ஜ.க.வில் இருந்தார்கள். 2019-இல் கோவாவில் காங்கிரஸின் 15 பேரில் 10 பேர் பா.ஜ.க.வுக்கும், ராஜஸ்தானில் பகுஜன் சமாஜ் கட்சியின் ஆறு பேரும் காங்கிரஸுக்கும் போனார்கள். தனியாக மாறுபட்டால் குற்றம், கூட்டமாக மாறினால் இணைப்பு.

தமிழ்நாட்டில் 2017-இல் நடந்தது இந்தச் சட்டத்தின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை கோரியது. 122 பேர் ஆதரித்தார்கள். ஓ. பன்னீர்செல்வமும் அவரோடு சேர்ந்தவர்களுமாக அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆகஸ்டில் இரு அணிகளும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். மறுநாளே அதே கட்சியில் டி.டி.வி. தினகரனை ஆதரித்த உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் மீது தங்களுக்கு நம்பிக்கையில்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் அவையில் எந்த வாக்கும் அளிக்கவில்லை. செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் ப. தனபால் அவர்களில் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூனில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதி நீக்கம் செல்லும் என்றார். 2019 மே மாதம்வரை 18 தொகுதிகளுக்குப் பேரவையில் குரலே இல்லை.

வாக்கெடுப்பிலேயே அரசை எதிர்த்த 11 பேர் மீதான புகாரோ, உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2020 பிப்ரவரியில் மீண்டும் சபாநாயகரின் முடிவுக்கே விடப்பட்டது. அந்தப் பேரவையின் காலம் முடியும்வரை அவர்கள் பதவியிழக்கவில்லை. கடிதம் கொடுத்தவருக்குத் தண்டனை, வாக்களித்தவருக்கு விலக்கு. இரண்டுக்கும் சட்ட வாதங்கள் இருந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பான்மையின் ஆதரவோடு பதவியில் அமர்ந்த சபாநாயகரே நீதிபதியாக இருக்கும்வரை, முடிவும் காலதாமதமும் ஆட்சிக்கு எது வசதியோ அந்தப் பக்கமே சாயும் என்ற ஐயம் நீங்காது. 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், இத்தகைய புகார்களை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும், இந்த அதிகாரத்தைத் தனித் தீர்ப்பாயத்திடம் தருவதை நாடாளுமன்றம் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னதற்கு இதுவே காரணம்.

கட்சியே ஒருவரை வெளியேற்றினால்கூடப் பிடி விடுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஜி. விஸ்வநாதன் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், வெளியேற்றப்பட்டவரும் தம்மைத் தேர்தலில் நிறுத்திய கட்சியின் உறுப்பினராகவே கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்று முடிவு செய்தது.

வாக்குக்குத்தானே தடை, பேச்சுக்கு இல்லையே என்ற கேள்வி எழலாம். எழுத்தளவில் அது சரி. 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் ஐவர் அமர்வின் பெரும்பான்மை, இந்தச் சட்டம் உறுப்பினரின் பேச்சுரிமையைப் பறிக்கவில்லை என்றது. ஆனால் அவையில் பேசும் நேரம் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. யார் பேசுவது என்ற பட்டியலைக் கட்சி தருகிறது. மாறுபட்டுப் பேசக்கூடியவர் அந்தப் பட்டியலுக்கு எப்படி வருவார்? மேலும், கட்சியைக் கைவிட்டதாக ஒருவரின் நடத்தையிலிருந்தே முடிவு செய்யலாம் என்று 1994-இல் ரவி நாயக் வழக்கில் நீதிமன்றம் சொன்ன பிறகு, எது நடத்தை என்ற எல்லை விரிந்துகொண்டே போகிறது. 2017-இல் சரத் யாதவ் மாநிலங்களவைப் பதவியை இழந்ததற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம், பாட்னாவில் எதிர்க்கட்சிப் பேரணி மேடையில் ஏறியது.

இதே உறுப்பினர்கள் வேறொரு அறையில் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள். 1993 முதல் இயங்கும் துறைசார்ந்த நிலைக்குழுக்களில் கொறடா உத்தரவு செல்லாது. கூட்டங்களும் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. அங்கே ஆளுங்கட்சி உறுப்பினர் அமைச்சக அதிகாரிகளைத் துருவிக் கேட்கிறார். எதிர்க்கட்சி உறுப்பினர் மசோதாவின் நல்ல பிரிவை நல்லது என்கிறார். பெரும்பாலான அறிக்கைகள் கட்சி வேறுபாடு கடந்து ஒருமித்து வருகின்றன. ஆக, குறை மனிதர்களின் அறிவில் இல்லை. தொலைக்காட்சி கேமராவும் கொறடாவும் இல்லாத இடத்தில் அந்த அறிவு வேலை செய்கிறது. வருத்தம் என்னவென்றால், மசோதாக்கள் அந்த அறைக்கு அனுப்பப்படாமலே நிறைவேறுவது வழக்கமாகிவருகிறது. 2020-இல் வேளாண் சட்டங்கள் அப்படித்தான் வந்தன. மாநிலங்களவையில் கூச்சல் நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. 2021 நவம்பர் 29 அன்று அவற்றைத் திரும்பப் பெற்ற மசோதாவும் விவாதமின்றியே, சில நிமிடங்களில் நிறைவேறியது. ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்த ஒரு விஷயம், உள்ளே வந்தபோதும் வெளியே போனபோதும் அவையில் உரிய விவாதத்தைப் பெறவில்லை.

கொறடா முறையின் தாய்வீட்டில் இதற்குச் சட்டத் தண்டனை கிடையாது. 1940 மே 7, 8 நாள்களில் நார்வே போர்த் தோல்வி பற்றி லண்டனில் நடந்த விவாதத்தில் பிரதமர் சேம்பர்லின் தம் நண்பர்களின் ஆதரவைக் கேட்டு அறைகூவினார். போர்க்காலத்தில் சொந்தப் பிரதமரை எதிர்ப்பது துரோகம் என்று கருத எல்லாக் காரணமும் இருந்த நேரம் அது. ஆனாலும் அரசுத் தரப்பினர் நாற்பதுக்கு மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தார்கள். இன்னும் பலர் வாக்களிக்காமல் இருந்தார்கள். 281-க்கு 200 என்று அரசு வென்றது. இருநூறைத் தாண்டி இருந்த பெரும்பான்மை 81-ஆகச் சுருங்கியதால் சேம்பர்லினால் நீடிக்க முடியவில்லை. மே 10 அன்று சர்ச்சில் பிரதமரானார். 2003-இல் இராக் போருக்கு எதிராகத் தொழிற்கட்சியினர் 139 பேர் தங்கள் அரசை எதிர்த்து வாக்களித்தார்கள். போர் நிற்கவில்லை, ஆனால் மாறுபாடு பதிவானது. அதற்காகச் சட்டப்படி யாரும் பதவியிழக்கவில்லை. கட்சி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், 2019-இல் பிரெக்சிட் நேரத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி 21 பேரை நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கியதுபோல. ஆனால் தொகுதி கொடுத்த இருக்கையைக் கட்சி பறிக்க முடியாது.

அண்டை நாடுகள் வேறு வேறு இடங்களில் கோடு போட்டிருக்கின்றன. இலங்கையின் 1978 அரசியலமைப்பின்படி, கட்சி வெளியேற்றினால் ஒரு மாதத்தில் பதவி போகும். அதற்குள் உச்ச நீதிமன்றத்தை நாடி, வெளியேற்றம் செல்லாது என்று காட்டினால் தப்பிக்கலாம். 1991-இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான குற்றப்பிரேரணையை முன்னெடுத்த லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் இவ்வாறே பதவியிழந்தார்கள். ஆனாலும் அங்கே தீர்ப்பு சபாநாயகரிடம் இல்லை, நீதிமன்றத்திடம் இருக்கிறது. பாகிஸ்தானின் 63ஏ பிரிவு, பிரதமர் தேர்வு, நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா, அரசியலமைப்புத் திருத்தம் ஆகியவற்றில் மட்டுமே கட்சி உத்தரவுக்குப் பதவி பறிக்கும் வலுவைத் தருகிறது. பிற மசோதாக்களில் அங்கே உறுப்பினருக்கு இருக்கும் சுதந்திரம் இந்திய உறுப்பினருக்கு இல்லை.

தீர்வு இந்தியாவிலேயே பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளில் மட்டும் கட்சி உத்தரவைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 1990-இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும், ஏறக்குறைய அதையே 1999-இல் சட்ட ஆணையத்தின் 170-ஆவது அறிக்கையும் சொன்னன. கிஹோட்டோ தீர்ப்பிலும் அந்தத் திசையில் அறிவுரை உண்டு. 2010-இல் காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி இதற்கெனத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்பதால் அதில் வியப்பில்லை. எல்லாக் கட்சித் தலைமைகளுக்கும் கைகொடுக்கும் ஒரு சட்டத்தை மாற்ற எந்தத் தலைமையும் முன்வரவில்லை.

ஆனால் இதற்காகத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்தாவது அட்டவணை எந்தக் கட்சியையும் கொறடா உத்தரவு போடும்படி கட்டாயப்படுத்தவில்லை. உத்தரவே இல்லாவிட்டால் மீறலும் இல்லை. நம்பிக்கை வாக்கெடுப்பும் நிதிநிலை அறிக்கையும் தவிர்த்த மசோதாக்களில் தம் உறுப்பினர்களைச் சுதந்திரமாக வாக்களிக்க விடுவதாக ஒரு கட்சி நாளையே அறிவிக்கலாம். முன் அனுமதி தரும் உரிமையும் 15 நாளுக்குள் மன்னிக்கும் உரிமையும் அட்டவணையிலேயே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும்படி தம் கட்சித் தலைமையிடம் கேட்பது தொண்டருக்கும், வேட்பாளரிடம் கேட்பது வாக்காளருக்கும் இன்றே திறந்திருக்கும் வழி.